கல்ட் எதிர்ப்பு இயக்கம்

கல்ட் எதிர்ப்பு இயக்கம் என்பது, சில புதிய சமயக் குழுக்கள் தம் உறுப்பினர்களின் உளநலத்துக்கும் குடும்ப உறவுகளுக்கும் தீங்கு விளைவிக்கின்றன என்று கருதி, அவற்றை எதிர்க்கும் பெற்றோர், முன்னாள் உறுப்பினர்கள், உளவியலாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் சமூக இயக்கம் ஆகும். 1970களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிய இவ்வியக்கம், பின்னர் மேற்கு ஐரோப்பா, ஜப்பான், ரஷ்யா முதலிய இடங்களிலும் வெவ்வேறு வடிவங்களில் வளர்ந்தது.

வயது வந்த ஒருவர் தாமே தேர்ந்துகொண்ட சமயத்திலிருந்து அவரை வலுக்கட்டாயமாகப் பிரிக்கக் குடும்பத்துக்கோ அரசுக்கோ உரிமை உண்டா என்னும் கேள்வியை இவ்வியக்கம் எழுப்பியது. சமயக் குழு ஒன்றின் செயல்களுக்காக அதைத் தண்டிப்பதற்கும், அதன் நம்பிக்கைக்காகத் தண்டிப்பதற்கும் இடையே உள்ள எல்லை எது என்பதே இது தொடர்பான வழக்குகள் அனைத்திலும் அடிப்படைச் சிக்கலாக இருந்து வந்துள்ளது.

சொற்பொருள்

கல்ட் என்னும் ஆங்கிலச் சொல், வழிபாடு, பேணுதல் ஆகிய பொருள்களைத் தரும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தொடக்கத்தில் அது இழிவுப் பொருள் தரவில்லை. ஒரு தெய்வத்துக்கோ புனிதருக்கோ உரிய வழிபாட்டு முறையை மட்டுமே குறித்தது. 1970களில் செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் இதனைத் தீங்கு பயக்கும் குழு என்னும் பொருளில் பரவலாகப் பயன்படுத்தின. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் "செக்ட்" என்னும் சொல் இதே இடத்தைப் பெற்றுள்ளது. சமயவியல் ஆய்வாளர்கள் இச்சொற்களைத் தவிர்த்து, "புதிய சமய இயக்கம்" என்னும் நடுநிலையான தொடரைக் கையாளுகின்றனர்.

தமிழில் "வழிபாட்டுக் குழு" என்னும் தொடர் கல்ட் என்பதன் இழிவுப் பொருளைத் தருவதில்லை. ஆகவே, எதிர்ப்பாளர்களின் பார்வையைக் கூறும் இடங்களில் கல்ட் என்னும் சொல்லும், ஏனைய இடங்களில் புதிய சமயக் குழு என்னும் தொடரும் இக்கட்டுரையில் பயன்படுத்தப்படுகின்றன.

இவ்வியக்கத்தை, கிறித்தவ இறையியல் அடிப்படையில் புதிய சமயக் குழுக்களை எதிர்ப்போரிடமிருந்து வேறுபடுத்திக் காண வேண்டும். பின்னவர்கள் அக்குழுக்களின் போதனை தவறானது என்று வாதிடுவோர். வால்டர் மார்ட்டின் எழுதி 1965 இல் வெளிவந்த "கல்ட்களின் இராச்சியம்" இவ்வகை நூல்களில் புகழ்பெற்றது. கல்ட் எதிர்ப்பு இயக்கத்தினரோ, போதனை எதுவாயினும் தங்களுக்குக் கவலையில்லை என்றும், உறுப்பினரின் சுதந்திரமான முடிவெடுக்கும் ஆற்றலை அக்குழுக்கள் பறிப்பதையே தாங்கள் எதிர்ப்பதாகவும் கூறினர்.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் புதிய சமயங்கள் மீதான எதிர்ப்புப் பழமையானது. 19 ஆம் நூற்றாண்டில் மோர்மன்களும் கத்தோலிக்கர்களும், 1940களில் யெகோவாவின் சாட்சிகளும் கடும் எதிர்ப்பையும் வன்முறையையும் சந்தித்தனர். இவ்வழக்குகளின் ஊடாகவே சமயச் சுதந்திரம் பற்றிய சட்ட நெறிகள் உருவாயின. யெகோவாவின் சாட்சிகள் தொடர்பான கான்ட்வெல் எதிர் கனெக்டிகட் வழக்கில் 1940 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நம்பும் சுதந்திரம் முழுமையானது என்றும், செயற்படும் சுதந்திரம் சட்டத்துக்கு உட்பட்டது என்றும் கூறியது. 1944 இல் பல்லார்ட் வழக்கில், ஒருவரது சமய நம்பிக்கை உண்மையா பொய்யா என்பதை நடுவர் குழுவின் தீர்ப்புக்கு விடக்கூடாது என்று அந்நீதிமன்றம் வரையறுத்தது. பின்னாளில் எழுந்த கல்ட் வழக்குகள் பலவற்றுக்கு இவ்விரு தீர்ப்புகளும் அளவுகோலாயின.

1965 இல் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் திருத்தப்பட்டு, ஆசிய நாட்டினர் மீதான கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. அதே ஆண்டில் அமெரிக்கா சென்ற பக்திவேதாந்த சுவாமி பிரபுபாதர் 1966 இல் நியூயார்க்கில் அகில உலக கிருஷ்ண பக்திக் கழகத்தை (இஸ்கான்) நிறுவினார். 1954 இல் சியோலில் ஒருங்கிணைப்புத் திருச்சபையைத் தொடங்கிய கொரியரான சன் மியுங் மூன் 1971 இல் அமெரிக்காவுக்கு இடம்பெயர்ந்தார். டேவிட் பெர்க் என்பவர் 1968 இல் கலிபோர்னியாவில் "கடவுளின் பிள்ளைகள்" என்னும் குழுவை உருவாக்கினார்.

இக்குழுக்களில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வகுப்பைச் சேர்ந்த, கல்லூரி வயதினரான இளைஞர்கள். அவர்களில் பலர் படிப்பை இடையில் நிறுத்தினர். உடைமைகளைக் குழுவிடம் ஒப்படைத்தனர். பெயரையும் உடையையும் மாற்றிக்கொண்டு, குழுவினருடன் கூட்டாக வாழ்ந்தனர். சிலர் பெற்றோருடன் கடிதத் தொடர்பையும் துண்டித்தனர். 18 வயது நிறைந்தவர்கள் சட்டப்படி தம் முடிவைத் தாமே எடுக்கக் கூடியவர்கள் என்பதால், காவல் துறையை நாடிய பெற்றோருக்கு உதவி கிடைக்கவில்லை.

அமைப்புகள்

கடவுளின் பிள்ளைகள் குழுவில் சேர்ந்த இளைஞர்களின் பெற்றோர், 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஒன்றுகூடி அமைத்த சங்கமே இவ்வியக்கத்தின் முதல் அமைப்பாகக் கருதப்படுகிறது. ஏனைய குழுக்களில் சேர்ந்தோரின் குடும்பங்களும் இணையவே, 1974 இல் குடிமக்கள் சுதந்திர அறக்கட்டளை உருவானது. இது 1980களில் கல்ட் விழிப்புணர்வு வலையமைப்பு என்று பெயர் மாற்றம் பெற்று, நாடு முழுவதும் தகவல் வழங்கும் அமைப்பாக இயங்கியது. 1979 இல் தொடங்கப்பட்ட அமெரிக்கக் குடும்ப அறக்கட்டளை ஆய்விலும் கல்வியிலும் கவனம் செலுத்தியது. 2004 இல் இது பன்னாட்டுக் கல்டியல் ஆய்வுச் சங்கம் எனப் பெயர் மாற்றப்பட்டது.

கட்டாய நம்பிக்கை நீக்கம்

ஆங்கிலத்தில் "டிபுரோகிராமிங்" எனப்பட்ட கட்டாய நம்பிக்கை நீக்கமே இவ்வியக்கத்தின் மிகவும் சர்ச்சைக்குரிய செயன்முறையாகும். ஒரு கணினியில் பதிக்கப்பட்ட நிரலை அழிப்பது போல, குழுவினால் மனத்தில் பதிக்கப்பட்ட கருத்துகளை அழிக்கலாம் என்னும் எண்ணத்தில் இப்பெயர் தோன்றியது. இதனைத் தொடங்கியவர் டெட் பாட்ரிக் என்னும் கலிபோர்னியர். உளவியலில் முறையான பயிற்சி பெறாத இவர், 1971 இல் சான் டியேகோவில் கடவுளின் பிள்ளைகள் குழுவை நேரில் கண்டறிந்தபின் இப்பணியில் இறங்கினார்.

பெற்றோர் பணம் கொடுத்து அமர்த்தும் சிலர், இளைஞரைத் தெருவிலிருந்தோ வீட்டுக்கு வரவழைத்தோ பிடித்து வாகனத்தில் ஏற்றி, விடுதி அறை ஒன்றில் அடைப்பது வழக்கம். சன்னல்கள் மூடப்படும், வாயிலில் காவல் இருக்கும். பல நாட்களுக்கு ஓய்வின்றி வாதம் நடைபெறும். குழுத் தலைவரின் முரண்பாடுகள் எடுத்துக் காட்டப்படும். முன்னாள் உறுப்பினர்கள் தம் அனுபவங்களைக் கூறுவர். அந்த இளைஞர் தம் நம்பிக்கையைக் கைவிட்டதாகக் கூறும்வரை இது தொடரும்.

இவ்வாறு மீட்கப்பட்டவர்களில் பலர் பின்னர் பெற்றோருக்கு நன்றி தெரிவித்ததோடு, தாமும் இப்பணியில் ஈடுபட்டனர். வேறு சிலர் தப்பிச் சென்று தம் குழுக்களுக்கே திரும்பினர். தம்மைக் கடத்தியவர்கள் மீது வழக்கும் தொடர்ந்தனர். இதனைக் குடும்ப விவகாரமாகக் கருதிய காவல் துறையினர் பல இடங்களில் தலையிடவில்லை. எனினும், 1980 இல் சான் டியேகோ நீதிமன்றம் ஒரு பெண்ணைக் கடத்திய வழக்கில் பாட்ரிக்கைக் குற்றவாளி எனக் கண்டு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

காலப்போக்கில், உறுப்பினரின் இசைவுடன் மட்டுமே உரையாடும் "விலகல் ஆலோசனை" என்னும் முறை உருவானது. இதில் அவர் விரும்பிய நேரத்தில் எழுந்து செல்லலாம். சட்டச் சிக்கல் இல்லாததால், 1980களின் இறுதியில் இவ்வியக்கத்தினர் பலரும் இம்முறைக்கு மாறினர்.

மூளைச்சலவைக் கோட்பாடு

கட்டாய நம்பிக்கை நீக்கத்துக்கு நியாயம் கற்பிக்க முன்வைக்கப்பட்ட கருத்து, இளைஞர்கள் மூளைச்சலவை செய்யப்பட்டுள்ளனர் என்பதாகும். மூளைச்சலவை என்னும் சொல்லை 1950 இல் இதழாளர் எட்வர்ட் ஹன்டர், சீனப் பொதுவுடைமையினரின் கருத்துமாற்ற முறைகளைக் குறிக்க ஆங்கிலத்தில் பரப்பினார். கொரியப் போரின் முடிவில் 21 அமெரிக்கப் போர்க்கைதிகள் தாயகம் திரும்ப மறுத்தமை இச்சொல்லுக்குப் பெரும் பரபரப்பைத் தந்தது. உளமருத்துவர் ராபர்ட் லிஃப்டன், உளவியலாளர் எட்கர் ஷைன் ஆகியோர் இதுபற்றி எழுதிய நூல்கள் 1961 இல் வெளிவந்தன. இவர்கள் ஆராய்ந்தவர்களுள் முக்கியமானோர் சிறையிலோ முகாமிலோ உடலளவில் அடைத்து வைக்கப்பட்டவர்கள்.

பூட்டும் காவலும் இல்லாத சமயக் குழுக்களுக்கும் இக்கோட்பாடு பொருந்தும் என்று உளவியலாளர் மார்கரெட் சிங்கர் முதலியோர் வாதிட்டனர். அன்பு மழை பொழிதல், தூக்கக் குறைவு, வெளியுலகத் தொடர்பின்மை, இடைவிடாத குழுப் பணிகள் ஆகியவை ஒருவரின் ஆராய்ந்து முடிவெடுக்கும் ஆற்றலைக் குலைக்கும் என்பது அவர்களது கருத்து. பல வழக்குகளில் சிங்கர் வல்லுநர் சாட்சியாகத் தோன்றினார்.

இதற்கு எதிரான சான்றுகளைச் சமூகவியலாளர்கள் முன்வைத்தனர். இலண்டன் பொருளியல் பள்ளியைச் சேர்ந்த ஐலீன் பார்க்கர், ஒருங்கிணைப்புத் திருச்சபையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1984 இல் ஒரு நூலை வெளியிட்டார். 1979 இல் இலண்டன் பகுதியில் அத்திருச்சபையின் தங்கிப் பயிலும் வகுப்புகளுக்குச் சென்ற 1000க்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் அதில் சேரவே இல்லை என்றும், சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே விலகினர் என்றும் அவர் கண்டார். தடுக்க இயலாத மனக்கட்டுப்பாடு என்பது உண்மையானால் இவ்வாறு நிகழ்ந்திருக்க இயலாது என்பது இவ்வாய்வின் வழி எழுந்த வாதம்.

சிங்கர் தலைமையில் அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த பணிக்குழுவின் அறிக்கையை, போதிய அறிவியல் கண்டிப்பு இல்லாதது எனக் கூறி 1987 இல் அச்சங்கத்தின் வாரியம் ஏற்க மறுத்தது. 1990 இல் ஃபிஷ்மன் வழக்கில் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, சிங்கர், ரிச்சர்ட் ஒஃப்ஷி ஆகியோரின் மூளைச்சலவை பற்றிய சாட்சியம் துறையறிஞர்களின் பொது ஏற்பைப் பெறாதது என்று விலக்கியது. இதன்பின் அமெரிக்க நீதிமன்றங்களில் இக்கோட்பாட்டின் செல்வாக்குக் குறைந்தது.

அமெரிக்க வழக்குகள்

இஸ்கான் மீதான வழக்கு

நியூயார்க்கில், இஸ்கானில் சேர்ந்திருந்த இளம்பெண் ஒருவரை அவருடைய தாய் ஆட்களை அமர்த்திக் கடத்தச் செய்தார். தப்பி வந்த அப்பெண் காவல் துறையில் முறையிட்டார். அம்முறையீட்டை ஆராய்ந்த பெருநடுவர் குழு, கடத்தியவர்கள் மீது குற்றம் சாட்டாமல், மனக்கட்டுப்பாட்டின் மூலம் உறுப்பினர்களைச் சட்டவிரோதமாகச் சிறைவைத்ததாக இஸ்கான் மீதே 1976 இல் குற்றம் சாட்டியது. 1977 இல் இவ்வழக்கைத் தள்ளுபடி செய்த நீதிபதி ஜான் லேஹி, இவ்வியக்கம் இந்தியாவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேர் கொண்ட உண்மையான சமயம் என்று குறிப்பிட்டார். அமெரிக்கர்களுக்குப் புதியதாகத் தோன்றும் ஒரு வழிபாடு வேறொரு நாட்டில் பழமையான மரபாக இருக்கலாம் என்பதை இத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது.

பாதுகாவலர் ஆணை

முதுமையாலோ உளநோயாலோ தம்மைப் பேணிக்கொள்ள இயலாதவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்கும் சட்டங்களைப் பெற்றோர் சிலர் பயன்படுத்தத் தொடங்கினர். 1977 இல் சான் பிரான்சிஸ்கோ நீதிபதி ஒருவர், ஒருங்கிணைப்புத் திருச்சபையின் வயது வந்த உறுப்பினர்கள் ஐவரை 30 நாட்களுக்குப் பெற்றோரின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். அதே ஆண்டில் கட்ஸ் வழக்கு எனப்படும் மேல்முறையீட்டில் இவ்வாணை நீக்கப்பட்டது. ஒருவரின் வாழ்க்கை மாற்றம் நம்பிக்கையால் ஏற்பட்டதா, வற்புறுத்தலால் ஏற்பட்டதா என்று நீதிமன்றம் ஆராயப் புகுந்தால், அது அந்த நம்பிக்கையின் தகுதியையே ஆராய்வதாகிவிடும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. இத்தகைய ஆணைகளுக்கு வழிசெய்யும் சட்டமுன்வரைவுகள் நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தில் 1980 இலும் 1981 இலும் நிறைவேறின. ஆளுநர் ஹியூ கேரி இரண்டையும் தம் தடுப்பதிகாரத்தால் நிராகரித்தார்.

பெற்றோருக்குச் சார்பான தீர்ப்பு

எல்லாத் தீர்ப்புகளும் பெற்றோருக்கு எதிராக அமையவில்லை. 1980 இல் மினசோட்டா உச்ச நீதிமன்றம், மகள் தொடர்ந்த பீட்டர்சன் எதிர் சோர்லியன் வழக்கில், சில நாட்களுக்குப்பின் அவர் தம் விருப்பத்துடன் தங்கியதைக் காரணம் காட்டி, சட்டவிரோதச் சிறைவைப்புக்குப் பெற்றோர் பொறுப்பல்லர் என்று தீர்ப்பளித்தது.

ஏமாற்று தொடர்பான தீர்ப்பு

1988 இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் மோல்கோ வழக்கில் அளித்த தீர்ப்பு முக்கியமானது. தாங்கள் யார் என்பதை மறைத்து ஆள் சேர்த்த குற்றச்சாட்டின் மீது ஒருங்கிணைப்புத் திருச்சபையின் முன்னாள் உறுப்பினர்கள் மோசடி வழக்குத் தொடரலாம் என்று அது கூறியது. திருச்சபையின் போதனையை ஆராயாமல், ஆள் சேர்க்கும்போது பொய் கூறப்பட்டதா என்பதை மட்டும் ஆராய இயலும் என்பது இதன் அடிப்படை.

ஜோன்ஸ்டவுன், வேக்கோ

1978 நவம்பர் 18 அன்று, தென் அமெரிக்காவின் கயானாவில் உள்ள ஜோன்ஸ்டவுன் குடியிருப்பிலும் அதனை அடுத்த இடங்களிலும் மக்கள் ஆலயம் என்னும் குழுவைச் சேர்ந்தோர் உட்பட 900க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் தலைவர் ஜிம் ஜோன்ஸின் கட்டளைப்படி நஞ்சு அருந்தியோ அருந்தச் செய்யப்பட்டோ இறந்தனர். இவர்களுள் ஏறத்தாழ 300 பேர் குழந்தைகளும் சிறுவர்களும் ஆவர். விசாரிக்கச் சென்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயனும் சுட்டுக் கொல்லப்பட்டார். உறவினர்கள் ஒன்றுசேர்ந்து பல மாதங்களுக்கு முன்பே அரசை எச்சரித்திருந்தனர். மக்கள் ஆலயம் புதிதாக முளைத்த தனிக்குழு அன்று. கிறித்துவின் சீடர்கள் என்னும் நிலைபெற்ற புராட்டஸ்தாந்து சபையுடன் இணைந்திருந்தது. இந்நிகழ்வுக்குப்பின் கல்ட் எதிர்ப்பு இயக்கத்துக்குப் பெரும் பொது ஆதரவு கிட்டியது.

1993 இல் டெக்சாஸ் மாநிலம் வேக்கோ நகருக்கு அருகே டேவிட் கொரேஷின் தலைமையில் இருந்த தாவீதியக் கிளையினரின் குடியிருப்பை அரசு அதிகாரிகள் முற்றுகையிட்டனர். பிப்ரவரி 28 அன்று ஆயுதச் சோதனைக்குச் சென்ற அதிகாரிகளில் நால்வரும் குழுவினரில் அறுவரும் துப்பாக்கிச் சண்டையில் இறந்தனர். 51 நாட்களுக்குப் பின் ஏப்ரல் 19 அன்று குடியிருப்பு தீப்பற்றி எரிந்ததில், குழந்தைகள் உட்பட 70க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசு தரப்பினர் இக்குழுவினரைத் தலைவரின் பிணையாளிகளாக நோக்கினர். சமயவியல் அறிஞர்கள் ஜேம்ஸ் டேபர், பிலிப் ஆர்னால்ட் ஆகியோரோ, கொரேஷுடன் விவிலியத்தின் திருவெளிப்பாட்டு நூலை அடிப்படையாகக் கொண்டு உரையாட முயன்றனர். கல்ட் என்னும் ஒட்டுப்பெயர், பேச்சுவார்த்தைக்கு இருந்த வழியை அடைத்துவிட்டது என்று பின்னர் அறிஞர் பலர் விமர்சித்தனர்.

அமெரிக்க இயக்கத்தின் வீழ்ச்சி

1991 இல் வாஷிங்டன் மாநிலத்தில் 18 வயது இளைஞர் ஒருவர், தாயின் ஏற்பாட்டின்படி கட்டாய நம்பிக்கை நீக்கத்துக்கு உட்படுத்தப்பட்டார். அவர் சேர்ந்திருந்தது ஒரு பெந்தகோஸ்து சபை. தப்பிச் சென்ற அவர் தொடர்ந்த வழக்கில், 1995 இல் நடுவர் குழு ஏறத்தாழ 49 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அந்த ஏற்பாட்டில் பங்குகொண்டதாகக் கண்டு, கல்ட் விழிப்புணர்வு வலையமைப்பு 10 இலட்சம் டாலருக்கும் மேல் செலுத்த வேண்டும் என முடிவானது.

இத்தொகையைச் செலுத்த இயலாமல் அவ்வமைப்பு நொடித்துப்போனது. 1996 இல் அதன் பெயரும் உடைமைகளும் ஏலத்துக்கு வந்தபோது, அவ்வமைப்பு எதிர்த்து வந்த சயன்டாலஜியைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் அவற்றை வாங்கினார். இளைஞரின் சார்பில் வாதாடியவரும் சயன்டாலஜியுடன் தொடர்புடையவரே. இதன்பின் ஐக்கிய அமெரிக்காவில் கட்டாய நம்பிக்கை நீக்கம் பெரும்பாலும் மறைந்தது. அதே வேளையில், தகவலும் ஆறுதலும் தேடிய குடும்பங்கள் தமக்கு இருந்த நாடளாவிய தொடர்பிடத்தை இழந்தன.

பிற நாடுகளில்

ஸ்பெயின்

1984 இல் கட்டலோனியாவில் நீதிமன்ற விசாரணைக்கு உட்பட்டிருந்த ஒரு குழுவின் உறுப்பினர்கள் சிலரை, காவல் துறையினர் ஒரு விடுதிக்குக் கொண்டுசென்று குடும்பத்தினரிடம் ஒப்படைத்தனர். அங்கே அவர்கள் ஏறத்தாழ பத்து நாட்கள் அடைத்து வைக்கப்பட்டுக் கட்டாய நம்பிக்கை நீக்கத்துக்கு உட்படுத்தப்பட்டனர். 1999 இல் ரியேரா புளூமே வழக்கில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், அதிகாரிகளின் துணையின்றி இது நடந்திருக்க இயலாது என்றும், இது தனிமனித சுதந்திர உரிமையை மீறியது என்றும் தீர்ப்பளித்தது.

பிரான்ஸ்

சூரிய ஆலய அணி என்னும் குழுவைச் சேர்ந்த 53 பேர் 1994 அக்டோபரில் சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும் இறந்து கிடந்தனர். 1995 டிசம்பரில் பிரான்சில் மேலும் 16 பேரின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. இதையடுத்து வெளிவந்த பிரெஞ்சு நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை, 170க்கும் மேற்பட்ட குழுக்களைச் செக்ட்கள் எனப் பட்டியலிட்டது. அப்பட்டியலுக்குச் சட்ட வலு எதுவும் இல்லை. ஆயினும் அரசு அலுவலகங்கள் அதனைச் சான்றாகக் கொண்டன. 2005 இல் பிரதமர் ரஃபரான் அனுப்பிய சுற்றறிக்கை அத்தகைய பட்டியல்களைத் தவிர்க்குமாறு பணித்தது.

2001 இல் அபூ-பிக்கார் சட்டம் நிறைவேறியது. தொடக்க வரைவில் இருந்த "மனக் கையாளல்" என்னும் குற்றம், சமயத் தலைவர்களும் மனித உரிமையாளர்களும் எதிர்த்ததால் கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக, ஒருவரின் அறியாமையையோ நலிந்த நிலையையோ மோசடியாகப் பயன்படுத்துதல் குற்றமாக்கப்பட்டது. 2002 இல் இதற்கென மிவிலூட் என்னும் அரசு அமைப்பு உருவாக்கப்பட்டது. 2024 இல் இயற்றப்பட்ட சட்டம், ஒருவரை உளவியல் அடிமை நிலைக்கு உட்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கியது.

பட்டியலில் இடம்பெற்றிருந்த யெகோவாவின் சாட்சிகளின் சங்கத்திடம், பெற்ற நன்கொடைகள் மீது 60 விழுக்காடு வரியாகவும் அபராதமாகவும் 5.7 கோடி யூரோவுக்கும் மேல் கோரப்பட்டது. 2011 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் இது சமயச் சுதந்திரத்தை மீறியது எனத் தீர்ப்பளித்தது.

ஜெர்மனி, ஐக்கிய இராச்சியம்

ஜெர்மன் நாடாளுமன்றம் அமைத்த ஆய்வுக் குழு 1998 இல் அளித்த அறிக்கையில், புதிய சமயக் குழுக்கள் பொதுவாக அரசுக்கோ சமூகத்துக்கோ ஆபத்தானவை அல்ல என்று முடிவு செய்து, செக்ட் என்னும் சொல்லைத் தவிர்க்குமாறு பரிந்துரைத்தது. ஐக்கிய இராச்சியத்தில் ஐலீன் பார்க்கர் 1988 இல் அரசு மற்றும் திருச்சபைகளின் ஆதரவுடன் இன்ஃபார்ம் என்னும் அமைப்பைத் தொடங்கினார். இது கவலையுற்ற குடும்பங்களுக்கு ஆய்வின் அடிப்படையிலான தகவல்களை வழங்கி வந்துள்ளது.

ரஷ்யா

சோவியத் ஒன்றியத்தின் வீழ்ச்சிக்குப்பின் உருசிய மரபுவழித் திருச்சபையைச் சார்ந்த அலெக்சாந்தர் துவோர்க்கின் 1993 இல் தொடங்கிய மையம் இந்நாட்டில் கல்ட் எதிர்ப்பை முன்னெடுத்தது. 2009 இல் அவர் நீதி அமைச்சின் சமய வல்லுநர் குழுவின் தலைவரானார். 2002 இன் தீவிரவாத எதிர்ப்புச் சட்டம் 2006 இல் திருத்தப்பட்டபோது, வன்முறை இல்லாமலேயே ஓர் அமைப்பைத் தீவிரவாதமாகக் கருத வழி ஏற்பட்டது.

மாஸ்கோவில் யெகோவாவின் சாட்சிகளின் சபையைக் கலைத்ததற்கு எதிரான வழக்கில், 2010 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், மனக்கட்டுப்பாடு என்பதற்குப் பொதுவாக ஏற்கப்பட்ட அறிவியல் வரையறை எதுவும் இல்லை என்று சுட்டிக்காட்டியது. எனினும் 2017 இல் ரஷ்ய உச்ச நீதிமன்றம் அச்சமயத்தின் தலைமையகத்தையும் 395 உள்ளூர் அமைப்புகளையும் தடைசெய்தது. வீடுகளில் கூடி வழிபட்டதற்காகப் பலர் சிறையிடப்பட்டனர். 2022 இல் ஐரோப்பிய நீதிமன்றம் இத்தடையைச் சட்டத்துக்குப் புறம்பானது என அறிவித்தது. அதே ஆண்டில் ரஷ்யா ஐரோப்பிய மனித உரிமைகள் உடன்படிக்கையிலிருந்து நீங்கியது.

சீனா

சீனாவில் "சியே சியாவ்" என்னும் சொல், பேரரசர் காலத்திலிருந்தே அரசு ஏற்காத, நெறிபிறழ்ந்த போதனைகளைக் குறித்து வந்தது. 1999 சூலையில் ஃபாலுன் கோங் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இத்தகைய குழுக்களைத் தண்டிக்கும் தீர்மானம் நிறைவேறியது. 2000 இல் சீனக் கல்ட் எதிர்ப்புச் சங்கம் அமைக்கப்பட்டது. குடும்பங்களின் முயற்சியாகத் தோன்றிய மேலை நாட்டு இயக்கங்களைப் போலன்றி, இங்கு கல்ட் எதிர்ப்பு அரசின் கொள்கையாகவே உள்ளது.

ஜப்பான்

ஜப்பானின் வரலாறு இரு வகைத் தவறுகளையும் காட்டுகிறது. 1989 ஆகஸ்டில் ஓம் சின்ரிக்கியோ குழு சட்டப்படி சமய நிறுவனமாக ஏற்கப்பட்டது. அதற்கு எதிராகக் குடும்பங்களின் சார்பில் செயற்பட்ட வழக்கறிஞர் சாகாமோட்டோ சுட்சுமி, மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் அதே ஆண்டு நவம்பரில் கொல்லப்பட்டார். சமய நிறுவனம் ஒன்றின் மீது நடவடிக்கை எடுக்கக் காவல் துறை தயங்கியதாகக் கடும் விமர்சனம் எழுந்தது. 1995 மார்ச் 20 அன்று அக்குழுவினர் டோக்கியோ சுரங்கத் தொடருந்துகளில் சாரின் நச்சு வாயுவை வெளியிட்டனர். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர்.

மறுபுறம், ஒருங்கிணைப்புத் திருச்சபையைச் சேர்ந்த ஒருவரை அவருடைய குடும்பத்தினர் 1995 முதல் 2008 வரை 12 ஆண்டுகளுக்கும் மேலாக அடைத்து வைத்திருந்தனர். 2014 இல் டோக்கியோ உயர் நீதிமன்றம் அவருக்கு ஏறத்தாழ 2.2 கோடி யென் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது.

2022 சூலையில் முன்னாள் பிரதமர் சின்சோ அபே சுட்டுக் கொல்லப்பட்டார். தம் தாய் அத்திருச்சபைக்கு அளித்த பெரும் நன்கொடைகளால் குடும்பம் நொடித்ததே காரணம் எனக் கொலையாளி கூறினார். அதே ஆண்டு டிசம்பரில், அச்சுறுத்தியோ மனக்குழப்பத்தைப் பயன்படுத்தியோ நன்கொடை கோருவதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 2025 மார்ச்சில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அத்திருச்சபையின் சட்டநிலையைக் கலைக்க ஆணையிட்டது. இவ்வாணை சமய நிறுவனத் தகுதியையும் அதற்குரிய வரிச் சலுகையையும் நீக்குமே அன்றி, வழிபாட்டைத் தடைசெய்யாது.

சமயச் சுதந்திரத்தின் மீதான தாக்கம்

இவ்வியக்கத்தை விமர்சிப்போர் மூன்று தீங்குகளைச் சுட்டுகின்றனர். முதலாவது, மூளைச்சலவை என்னும் குற்றச்சாட்டுக்கு எதிராக ஒருவர் தம்மைக் காத்துக்கொள்ள இயலாது. தாம் விரும்பியே சேர்ந்ததாக அவர் கூறினால், அக்கூற்றே மூளைச்சலவைக்குச் சான்றாகக் கொள்ளப்படும். இரண்டாவது, கல்ட் என்பதற்குத் தெளிவான எல்லை இல்லாததால், பெந்தகோஸ்து சபை உறுப்பினர் போன்றோரும் கடத்தலுக்கு உள்ளாயினர். மூன்றாவது, தனியார் சங்கங்கள் உருவாக்கிய சொற்களும் பட்டியல்களும் அரசின் கையில் சேரும்போது வரி, தடை, சிறை எனப் பெரும் விளைவுகளைத் தருகின்றன.

இயக்கத்தின் ஆதரவாளர்கள், ஜோன்ஸ்டவுனிலும் டோக்கியோவிலும் முன்கூட்டியே எச்சரித்தவர்கள் உறவினர்களும் அவர்களுடைய வழக்கறிஞர்களுமே என்பதை நினைவூட்டுகின்றனர். ஒரு குழுவைவிட்டு விலகும் சுதந்திரமும் சமயச் சுதந்திரத்தின் பகுதியே என்றும், சேமிப்பு, கல்வி, நட்பு அனைத்தையும் இழந்தவருக்கு அச்சுதந்திரம் பெயரளவிலேயே உள்ளது என்றும் அவர்கள் வாதிடுகின்றனர். குழுக்களுக்குள் பிறந்து வளரும் குழந்தைகள் தாமே எதையும் தேர்ந்தவர்கள் அல்லர் என்பது அவர்களின் மற்றொரு வாதம். இஸ்கானின் உண்டுறைப் பள்ளிகளில் குழந்தைகள் கொடுமைக்கு உள்ளானதை, சமூகவியலாளர் பர்க் ராச்ஃபர்டின் கட்டுரை வாயிலாக அவ்வியக்கத்தின் ஆய்விதழே 1998 இல் வெளியிட்டது. முன்னாள் மாணவர்கள் 2000 இல் வழக்குத் தொடர்ந்தனர். 1970களில் வயது வந்தோரின் மூளைச்சலவை பற்றியே நீதிமன்றங்களில் வாதங்கள் நடைபெற்றபோது, இக்குழந்தைகளின் நிலை எவராலும் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

மேற்கூறிய வழக்குகளில் நிலைத்து நின்ற தீர்ப்புகள் பெரும்பாலும் செயலை அளவுகோலாகக் கொண்டவை. பொய் கூறி ஆள் சேர்த்தல், அடைத்து வைத்தல், அச்சுறுத்திப் பணம் பெறுதல், குழந்தைகளைத் துன்புறுத்துதல், கொலை ஆகியவை பழமையான சமயத்தவர் செய்தாலும் புதிய குழுவினர் செய்தாலும் குற்றங்களே. இளைஞரை விடுதி அறையில் பூட்டிய பெற்றோருக்கும் அதே அளவுகோல் பொருந்தும். நம்பிக்கை மாறியதையே குற்றத்தின் அல்லது நோயின் அடையாளமாகக் கொண்ட ஆணைகள், கட்ஸ் வழக்கு முதல் மாஸ்கோ வழக்கு வரை, மேல்முறையீட்டிலோ பன்னாட்டு நீதிமன்றத்திலோ நிலைக்கவில்லை.

இவற்றையும் பார்க்கவும்

சமயச் சுதந்திரம்
புதிய சமய இயக்கங்கள்
மூளைச்சலவை
மதமாற்றம்
ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம்
அகில உலக கிருஷ்ண பக்திக் கழகம்
யெகோவாவின் சாட்சிகள்
ஓம் சின்ரிக்கியோ